கரிண்டெரியாவில் சாப்பிடுவது எப்படி? பிலிப்பைன்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிலிப்பைன்ஸில் உழைப்பாளிகளும் மாணவர்களும் அன்றாடம் சாப்பிடும் இடம் கரிண்டெரியா. ஜீப்னி என்னும் சிறுபேருந்து நிற்கும் முனை, சந்தை வாசல், கல்லூரி மதில், அலுவலகத்துப் பின்சந்து என்று எங்கு பார்த்தாலும் ஒன்று இருக்கும். மெனு அட்டை கிடையாது. சமைத்து முடித்த பதார்த்தங்கள் சட்டிகளிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் எவர்சில்வர் தட்டுகளிலோ வரிசையாக நிற்கும். விரலை நீட்டி எது வேண்டும் என்று காட்டினால் தட்டில் வந்துவிடும். அதனால் இவற்றைத் தூரோ-தூரோ என்றும் சொல்வார்கள்.

டாவோவுக்கு மருத்துவம் படிக்க வரும் தமிழ்நாட்டு மாணவர்களும், மணிலாவுக்கு வேலைக்கு வருபவர்களும் ஆரம்பத்தில் இந்தக் கடைகளுக்குள் நுழையத் தயங்குவார்கள். சட்டிக்குள் என்ன கிடக்கிறதோ என்ற பயம்தான். பார்க்கப்போனால் அதில் பாதி நமக்குப் பழகிய சரக்கு: புளி, முருங்கைக்கீரை, பாகற்காய், பாசிப்பயறு, தேங்காய்ப்பால், சேம்பு இலை, வாழைப்பூ. அவற்றோடு வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்பதுதான் தெரியாது. அதைக் கேட்கத் தெரிந்துகொண்டால் இந்த ஊரில் பட்டினியும் கிடக்க வேண்டாம், வேண்டாததைத் தின்றுவிட்டு வருந்தவும் வேண்டாம்.

எந்நேரம் போவது

காலைக் கடை 6 மணி வாக்கில் சிலோக் வகைகளோடு தொடங்கும். சிலோக் என்றால் பூண்டு தாளித்து வறுத்த சோறும் ஒரு முட்டையும். கூட வருவது என்ன என்பதைப் பெயரின் முன்பாதி சொல்லிவிடும். தாப்சிலோக் என்றால் மாட்டிறைச்சி, தோசிலோக் என்றால் இனிப்பூட்டிய பன்றி, லோங்சிலோக் என்றால் பெரும்பாலும் பன்றி சாசேஜ், பங்சிலோக் என்றால் பங்கூஸ் என்னும் பால்கெண்டை மீன். மாடும் பன்றியும் வேண்டாதவர்கள் பங்சிலோக் கேட்கலாம். அந்த மீனில் நுண்முள் அதிகம் என்பதால் ‘போன்லெஸ்’ தானா என்று கேட்டு வாங்குங்கள்.

மதியச் சட்டிகள் 10.30-க்கு மேல் ஒவ்வொன்றாக இறங்கும். 11 மணியிலிருந்து 11.45-க்குள் போவது நல்லது. எல்லா வகையும் இருக்கும், சூடும் இருக்கும், கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடைக்காரருக்கு நேரமும் இருக்கும். 12 அடித்தால் அலுவலகக் கூட்டம் வந்துவிடும். 1.30-க்குப் பிறகு பாதிச் சட்டிகள் காலியாகிவிடும். ‘ஊபோஸ் நா’ என்றால் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

தாமதமாகப் போவதில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய கடைகளில் தட்டுகளுக்கு அடியில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். சின்னக் கடைகளில் அடுப்பை விட்டு இறங்கிய சட்டி மூடியோடு மேசையில் நின்று ஆறிக்கொண்டிருக்கும். சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும், சாதாரண அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆறிய சட்டியைப் பார்த்தால் எதை வாங்கலாம் என்பதை அதில் விழுந்திருக்கும் சரக்கை வைத்து முடிவு செய்யுங்கள். அடோபோவும் பக்சிவும் வினிகரில் வெந்தவை. அந்தப் புளிப்பு கெடுதலைத் தள்ளிப்போடும், ருசியும் நேரம் ஆக ஆகக் கூடும். மூன்று மணிக்குப் பசித்தால் அடோபோதான் நம்பகமானது. தேங்காய்ப்பால் சேர்ந்த லாயிங், பிகோல் எக்ஸ்பிரஸ், பூசணிக்காயும் காராமணிக்காயும் போட்ட கினத்தான் ஆகியவை இந்த வெக்கையில் சீக்கிரம் கெடும். அவற்றை மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பன்சித் நூடுல்ஸுக்கும் இதே விதி. பொரித்த மீனும், மாவுத்தாளில் சுருட்டிப் பொரித்த லும்பியாவும் கெடாவிட்டாலும் மூடிக்குள் வியர்த்து நமுத்துப்போகும். புளிப்புச் சேர்க்காத பதார்த்தத்தில் புளித்த வாடையோ, ஓரத்தில் நுரையோ தெரிந்தால் வாங்காதீர்கள். அப்படிக் கெட்டதை ‘பானிஸ்’ என்பார்கள்.

கடையைத் தேர்வு செய்ய ஒரே வழி போதும். ட்ரைசிக்கிள், ஜீப்னி ஓட்டுநர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சட்டி அங்கே வேகமாகக் காலியாகும், அதனால் பழையது தங்காது.

வரிசையைப் பார்ப்பது

நேராகப் போய் மேசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். யாரும் வந்து கேட்க மாட்டார்கள். முதலில் சட்டி வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை பாருங்கள். மூடியிருக்கும் சட்டியை வாடிக்கையாளரே திறந்து பார்ப்பது பல கடைகளில் வழக்கம். ஆனால் மூடியைத் திறந்தபடி அதன்மேல் குனிந்து பேசக் கூடாது, கரண்டியைத் தொடக் கூடாது. பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும்.

கடையில் இருக்கும் பெண்ணை ‘ஆத்தெ’ என்றும், ஆணைக் ‘கூயா’ என்றும் கூப்பிடுங்கள். அக்கா, அண்ணன் முறை. வயதானவர் என்றால் ‘நானாய்’, அம்மா. மணிலாப் பக்கம் மரியாதைக்கு வாக்கியத்துக்கு நடுவே ‘போ’ சேர்ப்பார்கள். தமிழ்க் காதுக்கு விரட்டுவதுபோல் ஒலித்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். செபு, டாவோ பக்கம் பேசும் பிசாயா மொழியில் அது இல்லை.

விலையைக் கேட்க ‘மக்கானோ போ இதோ?’ போதும். எண்களை ஆங்கிலத்திலேயே சொல்வார்கள். மணிலாவின் சாதாரணக் கடையில் ஒரு கப் சோறு ஏறத்தாழ 15 பெசோ, காய் 40 முதல் 60, இறைச்சி 60 முதல் 100 என்று வைத்துக்கொள்ளலாம். வணிக வளாகத்துக்குள் இருக்கும் கடைகளில் இன்னும் கூடும். பெரிய இறாலுக்கும் பெரிய மீனுக்கும் தனி விலை, அதனால் அவற்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். பிலிப்பினோ சமையலில் காய்கறிப் பதார்த்தம் என்றால் காய் அதிகமாக உள்ள பதார்த்தம் என்று மட்டுமே அர்த்தம். காய்க்கு ருசி ஏற்றக் கொஞ்சம் பன்றி, கொஞ்சம் இறால், ஒரு கரண்டி கருவாட்டு விழுது என்று ஏதாவது விழுந்திருக்கும். அப்படிச் சேர்ப்பதற்கு ‘சஹோக்’ என்று பெயர். ‘பாபோய் இருக்கிறதா’ என்று பன்றியை மட்டும் விசாரித்தால் இல்லை என்பார்கள். இறாலைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் நீங்கள் அதைக் கேட்கவில்லை. எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: ‘ஆனோ போ ஆங் சஹோக் நிதோ?’ இதில் சேர்ந்திருக்கும் சஹோக் எது என்று பொருள். பதிலில் வரும் சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பாபோய் பன்றி, பாகா மாடு, மனோக் கோழி, கம்பிங் ஆடு, இஸ்தா மீன், ஹிப்போன் இறால், அதாய் ஈரல், துகோ இரத்தம், இத்லோக் முட்டை. கினிலிங் என்றால் கொத்துக்கறி. எதன் கறி என்று சொல்லாவிட்டால் பன்றி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சமயக் காரணத்தால் ஒன்றைத் தவிர்ப்பவர் ‘பாவால் போ சா ஆகின் ஆங் பாபோய்’ என்று சொல்லலாம். பன்றி எனக்கு விலக்கு என்று அர்த்தம். ‘பிடிக்காது’ என்பதைவிட இதைக் கடைக்காரர்கள் உடனே புரிந்துகொண்டு சரியானதைக் காட்டுவார்கள்.

பினாக்பெட் கத்தரி, வெண்டை, பாகல், பூசணி, காராமணி எல்லாம் சேர்ந்த அழகான காய்க்கூட்டு. ஆனால் பகூங் என்னும் இறால் அல்லது மீன் விழுது இல்லாமல் அது பினாக்பெட்டே ஆகாது. லாயிங் சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. அதிலும் கருவாடோ பகூங்கோ பன்றியோ உண்டு. பாசிப்பயற்றை வேகவைத்துக் கீரை போட்ட மொங்கோ வெள்ளிக்கிழமைகளில் அநேகக் கடைகளில் கிடைக்கும். வெள்ளியன்று இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க வழக்கத்தோடு வந்த பழக்கம் அது. அப்படியும் புகையூட்டிய மீனோ இறாலோ சேர்ப்பார்கள், மேலே பொரித்த பன்றித் தோலைத் தூவித் தருவதும் உண்டு. சூப்பு வகைகளில் பன்றி எலும்புச் சாறு சேர்த்த கட்டியைக் கரைத்திருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாததால் கடைக்காரர்கூடக் கணக்கில் எடுக்க மாட்டார்.

சுத்த சைவம் சாப்பிடுபவர் கரிண்டெரியாவை மட்டும் நம்பினால் நாள் தள்ளுவது கடினம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் வழி இருக்கிறது. சுட்ட கத்தரிக்காயைத் தட்டையாக்கி முட்டையில் தோய்த்துப் பொரித்த தோர்த்தாங் தலோங், பாகற்காயும் முட்டையும் வதக்கிய அம்பலாயா, பொரித்த முட்டை, சோறு. முதல் இரண்டிலும் கினிலிங் அல்லது இறால் போடாததுதானா என்று ஒருமுறை கேளுங்கள். இனிப்புக்கு வாழைப்பழத்தை மாவுத்தாளில் சுருட்டிப் பொரித்த துரோன், சர்க்கரைப்பாகு பூசிய பனானா கியூ. எல்லாவற்றுக்கும் எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான், கரண்டியும் ஒன்றுதான் என்பதையும் மனதில் வையுங்கள். அதில் சமாதானம் இல்லாதவர்கள் வீட்டில் சமைத்துக்கொள்வதே சரி.

ஹலால் வேண்டுவோர் மணிலாவில் கியாப்போ தங்க மசூதியைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் போகலாம். தெற்குத் தீவான மிந்தனாவோவின் மரனாவ் மக்கள் சமையல் அங்கே கிடைக்கும். மிளகாய், இஞ்சி, சிறுவெங்காயத் தாள் இடித்துச் செய்யும் பலாப்பா என்னும் காரம் அவர்களுடையது. பிலிப்பைன்ஸ் சாப்பாட்டில் காரமே இல்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் தேட வேண்டிய பண்டம் இது.

பார்வையால் ஏமாற்றும் சட்டிகள் சில உண்டு. கறுப்பாக, பளபளப்பாக இருந்தால் தினுகுவான், பன்றி இரத்தத்தில் வெந்தது. பொடிப்பொடியாகச் சிவந்த வறுவல் போல் இருந்தால் பன்றி நுரையீரலும் இதயமும் நறுக்கிய போபிஸ் ஆக இருக்கலாம். தக்காளி நிறத்தில் உருளைக்கிழங்கு, கேரட்டோடு இருக்கும் மெனுடோ பன்றிக்கறி. உள்ளே ஈரல் துண்டும் உண்டு. அதே நிறத்தில் பெரிய துண்டுகளோடு இருக்கும் கல்தெரேத்தா மாடாகவோ ஆடாகவோ இருக்கும். கோழி வேண்டும் என்றால் அஃப்ரிதாதாங் மனோக் கேளுங்கள், நிறம் ஏறக்குறைய அதேதான்.

எதிலிருந்து தொடங்குவது? தமிழ் நாக்குக்குச் சினிகாங். ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் நிற்கும் தெளிந்த புளிச்சாறு அது. முள்ளங்கி, வெண்டை, கத்தரி, வள்ளைக்கீரை மிதக்கும். பன்றி, இறால், மீன் என்று மூன்று விதத்திலும் செய்வார்கள், எது என்று கேளுங்கள். அடுத்து தினோலா: கோழி, இஞ்சி, பப்பாளிக்காய் அல்லது சௌசௌ, முருங்கைக்கீரை. உடம்பு சரியில்லாத நாளில் வேறெதையும் தேட வேண்டாம். மூன்றாவது கோழி அடோபோ. வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, அவ்வளவே.

காரே-காரே ஒரு தனிச் செய்தி. மாட்டு வாலும் குடலும் வாழைப்பூவும் வேர்க்கடலைக் குழம்பில் வெந்தது. வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் கிட்டப் போகக் கூடாது. 1762-இல் மதராஸிலிருந்து கப்பலேறிய பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தது. 1764-இல் படை திரும்பியபோது இந்தியச் சிப்பாய்கள் சிலர் கைன்டா ஊரிலேயே தங்கிவிட்டார்கள். காரே-காரே அவர்கள் கைப்பழக்கத்தில் பிறந்தது என்று சொல்பவர்கள் அங்கே உண்டு. சாப்பிடுபவருக்குத் தெரிய வேண்டியது, அதில் வேண்டுமென்றே உப்புக் குறைவாகப் போடுவார்கள் என்பதே. கூடவே சிறு கிண்ணத்தில் வரும் பகூங்கைத் தொட்டுக்கொள்ளாமல் சாப்பிட்டால் சப்பென்று இருக்கும்.

எவ்வளவு வாங்குவது

சோறுதான் சாப்பாடு, அதற்குத் துணை ஊலம். பதார்த்தம் எல்லாவற்றுக்கும் ஊலம் என்றுதான் பெயர். சோற்றைத் தள்ளுவதற்காகவே அதில் உப்பும் புளிப்பும் தூக்கலாக வைப்பார்கள். சோறில்லாமல் அடோபோவை மட்டும் தின்றுவிட்டு உப்புக் கரிக்கிறது என்பது அந்தச் சமையல்காரர் மேல் ஏற்றும் அநியாயப் பழி.

கப்பில் அமுக்கித் தட்டில் கவிழ்ப்பதுதான் ஓர் அளவு சோறு, ‘கானின்’. நம் சாப்பாட்டுக்கு அது போதாது. ஓர் ஆளுக்கு இரண்டு கப் சொல்லுங்கள். குழம்பைக் கட்டுச்சோறு போல் பிசைந்து சாப்பிட நினைத்தால் சாறு குறைவாகத் தெரியும். ‘சபாவ்’ கேளுங்கள்: ‘பஹிங்கீ போ நாங் சபாவ்.’ பல கடைகளில் ஒரு சிறு கிண்ணம் சூப்பு காசில்லாமல் தருவார்கள். ஆனால் அது மாட்டெலும்பு அல்லது பன்றியெலும்பு வெந்த நிலாகா சாறாக இருப்பது சகஜம். இலவசம் என்று வாங்கிக் குடித்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

ஊலத்தை முழு அளவாகவோ ‘ஹாஃப் ஆர்டர்’ ஆகவோ வாங்கலாம். தனியாகப் போனால் ஓர் இறைச்சி அல்லது மீன் முழுதாக, ஒரு காய் அரை அளவு. இருவர் போனால் நான்கு கப் சோறு, ஒரு சினிகாங், அரை அடோபோ, அரைக் காய். புதிய பதார்த்தம் எதையும் அரை அளவில்தான் முதலில் வாங்க வேண்டும். பாதி என்றால் விலையில் சரிபாதி ஆகாது, கொஞ்சம் கூடவே வரும்.

பணம் சில இடங்களில் வாங்கும்போதே, சில இடங்களில் சாப்பிட்டு முடித்து. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். பிறகு கொடுக்கும் கடையில் சாப்பிட்டது என்ன என்பதை நீங்கள்தான் ஞாபகமாகச் சொல்ல வேண்டும். ‘பாயாத் போ’ என்று ஆரம்பித்துச் சோறு எத்தனை, ஊலம் எவை என்று சொல்லுங்கள். காலையில் 1000 பெசோ நோட்டை நீட்டினால் சில்லறை இருக்காது. 20, 50, 100 வைத்துக்கொள்ளுங்கள். ஜிகேஷ் செயலியைப் பல கடைகள் ஏற்கின்றன. டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

மேசையில்

ஸ்பூனும் ஃபோர்க்கும் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கும். நீங்களே எடுத்துத் துடைத்துக்கொள்ள வேண்டும். வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் ஃபோர்க். ஃபோர்க்கால் ஸ்பூனுக்குள் தள்ளிச் சாப்பிடுவார்கள், இறைச்சியை ஸ்பூன் விளிம்பாலேயே வெட்டுவார்கள். கத்தி கேட்காதீர்கள். கையால் சாப்பிடுவதை இங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. மீன் நாளில் அவர்களே அதைத்தான் செய்வார்கள். சில கடைகளில் தட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கும். கழுவும் வேலையைக் குறைக்கத்தான் அது, ஃபோர்க் முனையால் கிழித்துவிடாமல் சாப்பிடுங்கள். ஜாடித் தண்ணீர் எங்கே பிடித்தது என்று தெரியாவிட்டால் முதல் சில வாரங்களாவது பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். ஐஸையும் அப்படியே தவிருங்கள்.

மேசைப் புட்டிகளை ஒதுக்கிவிடாதீர்கள். சமையல்காரர் ருசியைப் பாதி தூரம்தான் கொண்டுவந்திருப்பார், மீதி உங்கள் கையில். தோயோ சோயா சாஸ், சூக்கா வினிகர், பத்திஸ் மீன்சாறு. பொரித்த மீனுக்குச் சூக்காவில் ஒரு மிளகாயை நசுக்கிப் போடுங்கள். பொரித்த பன்றிக்கும் அதுவே. சினிகாங் மீனைத் தொட்டுக்கொள்ளப் பத்திஸில் கலமான்சி பிழிய வேண்டும். கலமான்சி கோலிகுண்டு அளவே உள்ள எலுமிச்சை, ஒன்றிரண்டு கேட்டால் தருவார்கள். தோர்த்தாங் தலோங்குக்கும் லும்பியாவுக்கும் வாழைப்பழக் கெச்சப். மரியா ஒரோசா என்ற உணவு வேதியியலாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கெச்சப் இனிப்பாக இருக்கும், தக்காளி என்று நினைத்து ஊற்றாதீர்கள்.

பக்கத்து மேசைக்காரர் ‘காயின் தாயோ’, வாருங்கள் சாப்பிடலாம் என்பார். அது உபசாரம். ‘சிகே போ, சலாமத்’ என்று நன்றி சொல்லிவிட்டு உங்கள் தட்டைப் பாருங்கள்.

ஊர் மாறினால்

செபுவிலும் டாவோவிலும் விலை கேட்க ‘தாக்பிலா நி?’ செபுவில் தினோலா என்றால் பெரும்பாலும் மீன், கோழி என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. தென்னங்கீற்றுக் கூட்டுக்குள் வெந்த புசோ சோறு கொத்தாகத் தொங்கும், எண்ணிக் காசு. இலோய்லோவில் துவரை, பன்றி, பலாக்காய் சேர்த்த சூப்பு உண்டு. துவரையைக் கண்டதும் சைவம் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். பிகோல் பகுதியில் மிளகாய் தாராளம்.

சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவிலும் இதே வகைக் கடைகள் இருக்கின்றன. ஞாயிறன்று பிலிப்பினோ பணிப்பெண்கள் கூடும் இடம் என்பதால் அன்று உட்கார இடம் கிடைப்பது அரிது, பதார்த்த வகைகள் அதிகம் இருப்பதும் அன்றுதான்.

கட்டிக்கொண்டு போக

‘பபாலோத் போ’ அல்லது ‘டேக்அவுட்’ என்றால் சோறு தனியாக, ஊலம் தனியாகப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் காற்றோடு முடிச்சுப் போட்டுத் தருவார்கள். சூப்புப் பையை வேறு பையோடு போடாமல் நிமிர்த்திக் கையில் பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முடிச்சை அவிழ்க்கப் பார்க்காமல், பையைக் கிண்ணத்துக்குள் வைத்துக் கீழ்மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். சொந்த டப்பா கொண்டுபோனால் சந்தோஷமாக அதிலேயே நிரப்பித் தருவார்கள். இரவுக்கு என்று மதியமே வாங்குவதாக இருந்தால் அடோபோ, பக்சிவ் மட்டும் வாங்கி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காய்ப்பால் வகையை அன்று மதியமே முடித்துவிடுங்கள். மிச்சச் சோற்றையும் வெளியே விடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் மறுநாள் பூண்டு போட்டு வறுக்கலாம். அறைச் சூட்டில் இரவெல்லாம் கிடந்த சோற்றில் ஊறும் நச்சு வறுத்தாலும் போகாது.